தலையாட்டாத மேடம்

பல்கலைக்கழக ஆசிரியர்களுக்கு நன்றாகக் கைவந்த வேலை ஒன்று உண்டென்றால் அது தலையாட்டுவதுதான். பாடம் நடத்துவதெல்லாம் அப்புறம். துணைவேந்தர் கூட்டம் போட்டால் நாற்பது பேர் போய் உட்காருவோம். முன்னால் யாராவது ஒருவர் திரையில் கட்டம் கட்டமாக ஏதோ காட்டுவார். அம்புக்குறிகள் மேலும் கீழும் பாயும். நாற்பது தலைகளும் ஒரே தாளத்தில் ஆடும். வெளியே வந்து டீக்கடையில் நின்ற பிறகுதான், "அந்த ஆள் என்ன சொன்னார்?" என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொள்வோம். பதினெட்டு வருஷம் இப்படித்தான் ஓட்டினேன். எனக்குக் கெட்டிக்காரன் என்று பெயர்கூட இருந்தது.

அந்தக் கூட்டத்தில் ஆடாத தலை ஒன்றும் இருந்தது. அது எங்கள் புவியியல் துறையில் என்னோடு வேலை பார்த்த ஒரு மேடத்தின் தலை. சொந்த ஊர் பாளையங்கோட்டை. கணவருக்கு வங்கியில் வேலை. அவருக்குக் கொல்கத்தாவுக்கு மாற்றல் வந்தபோது கூடவே வந்து எங்கள் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். பிறகு அதே வங்கி கணவரை வேறெங்கோ தூக்கிப் போட்டதும் மேடமும் போய்விட்டார். நடுவில் ஒன்பது வருஷம் எனக்குப் பக்கத்து மேஜை. எங்கள் துறையில் தமிழர் நாங்கள் இரண்டு பேர்தான். என் அப்பா கிதர்பூர் துறைமுகத்தில் வேலை பார்த்தவர், நான் பிறந்து வளர்ந்தது எல்லாம் இங்கேதான். எனக்குத் தமிழ் வீட்டுக்குள் பேசுகிற பாஷை. ஆபீசில் தமிழ் பேச ஒரு ஆள் வந்ததில் ரொம்பவே சந்தோஷப்பட்டேன். அந்தச் சந்தோஷம் முதல் கூட்டம் வரைக்கும்தான் இருந்தது.

முதல் கூட்டத்தில் டெல்லியிலிருந்து வந்த ஆலோசகர் ஒருவர் முக்கால் மணி நேரம் பேசினார். ஒவ்வொரு பாடத்துக்கும் என்ன பலன், அந்தப் பலனுக்கு என்ன எண், அந்த எண்ணை எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று விளக்கம். முடித்துவிட்டு, "எல்லோருக்கும் புரிந்ததல்லவா?" என்றார். முப்பத்தொன்பது பேர் தலையாட்டினோம். மேடம் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். கழற்றிய கண்ணாடியோடு கையைத் தூக்கினார்.

"ஆமி புஜ்தே பார்லாம் நா" என்றார். எனக்குப் புரியவில்லை என்பதற்குப் பெங்காலி. வந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை, முதலில் கற்றுக்கொண்ட வாக்கியமே அதுதான் போலிருக்கிறது.

ஆலோசகர் எந்த இடம் புரியவில்லை என்று கேட்டார். "முதல் படத்திலிருந்து" என்றார் மேடம். எனக்கு உடம்பெல்லாம் கூசியது. துணைவேந்தர் என்னைத் திரும்பிப் பார்த்தார். தமிழ்க்காரி என்றால் அதற்கு நான்தான் பொறுப்பு என்பது போல. நம்ம மானத்தை வாங்குகிறாரே என்று நான் குனிந்து பேனா மூடியைத் தேட ஆரம்பித்தேன். ஆலோசகர் முதல் படத்துக்குப் போனார். விளக்கினார். மூன்றாவது படத்தில் அவரே நின்றுவிட்டார். அதில் இருந்த எண்களும் ஏழாவது படத்தில் இருந்த எண்களும் ஒத்துப்போகவில்லை. சரிபார்த்து அனுப்புகிறேன் என்று சொல்லிவிட்டு மதியச் சாப்பாட்டுக்குக்கூட நிற்காமல் போனார். அந்த எண்கள் இன்றுவரை வரவில்லை.

அன்று டீக்கடையில் மேடத்தைச் சுற்றி ஒரு கூட்டம். "தீதி, நீங்க கேட்டது நல்லதாப் போச்சு" என்று ஆளாளுக்கு அக்கா முறை வைத்துச் சொன்னார்கள். நான் மட்டும் தனியாகக் கூப்பிட்டு, "மேடம், இங்க இப்படி வெளிப்படையாக் கேக்க மாட்டாங்க" என்றேன்.

"அப்போ எப்படி சார் புரிஞ்சுக்கிடுவாங்க?"

"புரிஞ்சுக்க மாட்டாங்க."

"அப்புறம் என்னத்துக்குத் தலைய ஆட்டுதீய? சும்மா ஆட்டுனா கழுத்துல்லா வலிக்கும்" என்றார். கிண்டலாகத்தான் சொல்கிறாரா என்று முகத்தைப் பார்த்தேன். அப்படித் தெரியவில்லை. அவருக்கு நிஜமாகவே சந்தேகம்.

எல்லா இடத்திலும் இதே கதைதான். ஜாதவ்பூரில் அவர் வீட்டுப் பக்கத்து மீன் சந்தையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரைப் பார்த்தேன். மீன்காரரிடம் இலிஷ் மீனில் முள் எப்படி ஓடுகிறது என்று கேட்டுக்கொண்டிருந்தார். மீன்காரரும் தராசை வைத்துவிட்டு ஒரு மீனைப் பிளந்து வகுப்பே எடுத்துக்கொண்டிருந்தார். பின்னால் பத்துப் பேர் பையோடு நின்று முணுமுணுத்தார்கள். மேடம் கண்ணாடியைக் கழற்றி, "இன்னொரு தடவை" என்றார். அவர் அடுத்த மீனை எடுத்தார். நான் அந்தப் பக்கமாக நழுவி வேறு கடையில் வாங்கிக்கொண்டு வீடு வந்தேன்.

வகுப்பிலும் அப்படித்தான். மாணவன் ஒரு கேள்வி கேட்டு, பதில் தெரியவில்லை என்றால், "தெரியாது, பார்த்துச் சொல்கிறேன்" என்பார். முதல் வருஷம் நாலைந்து மாணவர்கள் சேர்ந்து என்னிடம் புகார் கொண்டுவந்தார்கள், மேடத்துக்கு விஷயம் போதவில்லை என்று. அடுத்த வருஷம் அதே மாணவர்கள் என் வகுப்பில் கையைத் தூக்க ஆரம்பித்தார்கள். சுந்தரவனத்தில் ஒரு ஆறு ஏன் திசை மாறியது என்று ஒரு பெண் கேட்டாள். நான் பத்து நிமிஷம் பேசினேன். "சார், இன்னும் புரியலை" என்றாள். எனக்கு மேடத்தின் மேல் வந்த கோபத்துக்கு அளவில்லை.

அவரைப் பற்றி நல்லதாக மட்டும் சொன்னால் அவருக்கே பிடிக்காது. ஒருமுறை புதிதாகச் சேர்ந்த இளம் ஆசிரியை ஒருத்தி துறையில் தன் ஆராய்ச்சியைப் பற்றிப் பேசினாள். மேடம் கண்ணாடியைக் கழற்றினார். புரியவில்லை என்றார். அவள் மறுபடி சொன்னாள். புரியவில்லை. மூன்றாவது தடவை கேட்டபோது அந்தப் பெண் தேம்பி அழுதுகொண்டு வெளியே ஓடிவிட்டாள். மேடம் கண்ணாடியைப் போட மறந்து உட்கார்ந்திருந்தார். மறுநாள் அவளைத் தேடிப் போய் மன்னிப்புக் கேட்டார் என்று கேள்வி. என்னிடம், "துணைவேந்தர்ட்ட கேக்குற மாதிரி பிள்ளைட்ட கேட்டுட்டேன் சார். அது தப்பு" என்று சொன்னார். எனக்கு உள்ளுக்குள் கொஞ்சம் சந்தோஷமாகக்கூட இருந்தது. பொய் சொல்வானேன்.

எங்களைப் போன்றவர்களுக்குப் பதவி உயர்வு வேண்டுமென்றால் அவ்வப்போது பயிற்சி வகுப்புக்குப் போய் உட்கார வேண்டும். சால்ட் லேக்கில் இரண்டு வாரம் ஒரு தலைமைப் பண்புப் பயிற்சி. நானும் மேடமும் போயிருந்தோம். மற்றவர்களைத் திட்டித் திட்டிப் பாடம் எடுக்கிற பேராசிரியர்கள் அங்கே போனதும் பள்ளிக்கூடப் பிள்ளைகளாகிவிடுவார்கள். பின்வரிசையைப் பிடிக்க ஓட்டம். பக்கத்து ஆளுக்காக வருகைப் பதிவில் கையெழுத்துப் போட்டு மாட்டிக்கொண்ட ஒரு துறைத் தலைவரை எனக்குத் தெரியும். சார்ட் பேப்பர், ஸ்கெட்ச் பேனா எல்லாம் கொடுத்து ஒரு தலைவனின் படத்தை வரையச் சொல்வார்கள். சிவப்புப் பேனாவுக்குச் சண்டை நடக்கும்.

ஒரு நாள் செய்தித்தாளைச் சுருட்டி ஒட்டி உயரமான கோபுரம் கட்டச் சொன்னார்கள். வழுக்கைத் தலையும் சர்க்கரை வியாதியுமாக நாங்கள் தரையில் உட்கார்ந்து கட்டினோம். எங்கள் குழுவின் கோபுரம்தான் உயரம். பயிற்சியாளர் கைதட்டச் சொன்னார். கண்ணாடி கழன்றது.

"இந்தக் கோபுரத்தை வைத்து நான் திங்கட்கிழமை என் துறையில் என்ன செய்ய வேண்டும்?" என்று ஆங்கிலத்தில் கேட்டார் மேடம்.

இது கூட்டு முயற்சியைப் பற்றியது என்றார் பயிற்சியாளர்.

"புரியவில்லை. என் அறையில் மூன்று பேர் உட்காருகிறோம். ஜன்னலோர மேஜை யாருக்கு என்ற தகராறில் அதில் இரண்டு பேர் ஒரு வருஷமாகப் பேசிக்கொள்வதில்லை. அதற்கு இந்தக் கோபுரம் எப்படி உதவும்?"

அந்த இரண்டு பேரில் ஒருவன் நான். எங்கேயாவது ஓடி ஒளியலாம் போல இருந்தது. ஆனால் பயிற்சியாளர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். தன் ஆபீசில் தன்னோடு பேசாத ஒருவரைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தார். பிறகு ஆளாளுக்குத் தங்கள் துறைச் சண்டைகளைச் சொன்னார்கள். யார் எப்படிச் சமாதானம் ஆனார்கள், யார் ஆகவே இல்லை என்று. இரண்டு வாரத்தில் நான் கற்றுக்கொண்டதெல்லாம் அந்த ஒரு மணி நேரத்தில்தான். திரும்பி வரும் ஆட்டோவில் மேடம், "இத இவங்க தினமும் செய்யலாம்லா சார்? எதுக்கு இந்தத் தாளும் பசையும்?" என்று வழியெல்லாம் கேட்டுக்கொண்டு வந்தார்.

அந்தக் கேள்வியை அவர் விடவே இல்லை. எங்கள் பல்கலைக்கழகத்துக்கே சொந்தமாக ஒரு ஆசிரியர் பயிற்சி மையம் உண்டு. அதன் இயக்குநர் ஓய்வு பெறப்போகிறார், அந்த இடத்துக்கு வர வேண்டும் என்று மேடத்துக்கு ஆசை வந்துவிட்டது. அதற்கு ஒரு தகுதி தேவைப்பட்டது. ஹைதராபாத்தில் ஒரு நிறுவனம் பல்கலைக்கழக ஆசிரியர்களுக்கு எட்டு வாரத் தலைமைப் பயிற்சி நடத்துகிறது. அது பேர்போன பயிற்சி, கோபுரமெல்லாம் கட்டச் சொல்ல மாட்டார்கள். துறைக்கு ஒருவர் பெயரைத்தான் அனுப்பலாம். ஐம்பது வயதுக்குள் இருக்க வேண்டும். மேடத்துக்கு நாற்பத்தொன்பது. அவருக்கு அதுதான் கடைசி வருஷம்.

அந்த வருஷம் துறைத் தலைவர் யாரென்றால், நான். எங்கள் ஊர்ப் பல்கலைக்கழகங்களில் தலைவர் பதவி சுற்று முறையில் வரும். வரும்போது எல்லோரும் ஓடுவார்கள். எனக்கு முன்னால் இருந்த ஒருவர் முழங்கால் அறுவைசிகிச்சை செய்துகொண்டார். அடுத்தவர் ஆராய்ச்சி விடுப்பில் போனார். கடைசியில் நாற்காலி என்னிடம் வந்து நின்றது.

துர்கா பூஜைக்கு இரண்டு வாரம் இருக்கும்போது ஹைதராபாத்திலிருந்து கடிதம் வந்தது. மறுநாளே மேடம் விண்ணப்பத்தை நிரப்பி எடுத்துவந்து என் மேஜையில் வைத்தார்.

"சார், இது எனக்காகக் கேக்குதேன். கொஞ்சம் பாத்துக்கிடுங்க" என்றார். குரல் வழக்கம்போல இல்லை. மெதுவாக இருந்தது.

"இதென்ன மேடம், நாளைக்கே அனுப்பிடறேன்" என்றேன்.

கடிதத்தில் ஒரு வரி இருந்தது. துறைத் தலைவரின் பரிந்துரை பல்கலைக்கழகத்தின் 'நோடல் ஆபீசர்' என்கிற தொடர்பு அதிகாரி வழியாக, அவருடைய கையெழுத்தோடு வர வேண்டும். அந்த நோடல் ஆபீசர் யார் என்று எனக்குத் தெரியாது. பதிவாளர் ஆபீசில் கேட்டால் ஒரு நிமிஷ வேலை. ஆனால் அங்கே இருக்கிற குமாஸ்தாக்களைப் பற்றி எனக்குத் தெரியும். பதினெட்டு வருஷம் இங்கே குப்பை கொட்டின ஆளுக்கு இதுகூடத் தெரியாதா என்று மத்தியானத்துக்குள் ஊரெல்லாம் பரவிவிடும். நாளைக்குப் பார்ப்போம் என்று இழுப்பறையில் போட்டேன். அந்த நாளை நாலு நாளாயிற்று. பிறகு பத்து நாளாயிற்று. கொல்கத்தாவில் அந்தச் சமயத்தில் எதற்கும் ஒரே பதில்தான், "பூஜோர் போரே", பூஜைக்குப் பிறகு. குழாய் ரிப்பேர்காரர் முதல் துணைவேந்தர் வரை அதைத்தான் சொல்வார்கள். நானும் எனக்கே அதைச் சொல்லிக்கொண்டேன். கடைசித் தேதி நவமியன்று விழுந்தது. நவமியன்று எவனாவது தபால் பார்ப்பானா, அது சும்மா எழுத்துக்கு என்று முடிவு கட்டிவிட்டேன். ஹைதராபாத்தில் இருப்பவர்களுக்கு நம் நவமி வேலைநாளாக இருக்கலாம் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

பஞ்சமியோடு பல்கலைக்கழகம் மூடிவிட்டது. கோப்பை வீட்டுக்கு எடுத்துவந்தேன். அஷ்டமியன்று சாயங்காலம் மனைவியோடு ஜாதவ்பூர்ப் பக்கம் பந்தல் பார்க்கப் போனேன். மேடத்தின் குடியிருப்பிலும் பந்தல் போட்டிருந்தார்கள். டாக்கு மேளம் காதைப் பிளந்தது. கூட்டத்தில் மேடம் என்னைப் பார்த்துவிட்டு வந்தார்.

"சார், அனுப்பிட்டீயள்லா?" என்றார்.

மேளச் சத்தத்தில் கேட்காத மாதிரி நின்றிருக்கலாம். அதற்குக்கூட எனக்குத் தைரியம் வரவில்லை. நான் தலையாட்டினேன்.

அவர் ஒரு நொடி என்னைப் பார்த்தார். பிறகு, "சரி சார்" என்று சொல்லிவிட்டுக் கூட்டத்துக்குள் போய்விட்டார்.

மறுநாள் நவமி, எங்கள் வீட்டில் சரஸ்வதி பூஜை. என் மனைவி வீட்டில் இருந்த புத்தகம், நோட்டு, காகிதம் எல்லாவற்றையும் அள்ளிக் கொண்டுபோய் அடுக்கிச் சந்தனம் குங்குமம் வைத்தாள். மேடத்தின் கோப்பும் அதில் போய்விட்டது. மறுநாள் எடுக்கும்வரை தொடக்கூடாது. நினைத்தால் எடுத்திருக்கலாம், சரஸ்வதி என்ன கையையா பிடிக்கப் போகிறாள்? எனக்கு அந்தச் சாக்கு ரொம்ப வசதியாக இருந்தது. சுண்டலைச் சாப்பிட்டுவிட்டுக் கோப்பையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நவமி முடிந்தது.

அதற்குப் பிறகு இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. இந்த ஊரில் தசமி முடிந்ததும் ஒருவர் வீட்டுக்கு ஒருவர் இனிப்போடு போய் விஜயா வாழ்த்துச் சொல்வார்கள். துவாதசியன்று ஒரு பெட்டி சந்தேஷ் வாங்கிக்கொண்டு மேடத்தின் வீட்டுக்குப் போனேன். மத்தியானம் ஒரு மணி இருக்கும். அவர் மட்டும்தான் இருந்தார். பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டே சொன்னேன்.

"மேடம், நான் அனுப்பல. அன்னிக்குப் பந்தல்ல பொய் சொல்லிட்டேன்."

சமையலறையில் குக்கர் கத்திக்கொண்டிருந்தது. அவர் உள்ளே போய் அணைத்துவிட்டு வந்து என் எதிரே உட்கார்ந்தார்.

"ஏன் சார்?"

"நோடல் ஆபீசர்னா யாருன்னு தெரியல."

"கேக்க வேண்டியதுதான?"

"வெக்கமா இருந்துது."

கண்ணாடி கழலவில்லை. அதுதான் எனக்கு இன்னும் பயமாக இருந்தது. "உங்க வெக்கத்துக்கு என்னோட கடைசி வருஷமா சார் கெடச்சுது?" என்றார். "பதினெட்டு வருஷமா அங்க உக்காந்து என்ன செஞ்சீய? எனக்கு இதுல எவ்வளவு ஆசைன்னு உங்களுக்குத் தெரியும்லா? தெரிஞ்சே இழுப்பறையில போட்டீயளா?" அவர் குரல் உயரவில்லை. அந்தச் சந்தேஷ் பெட்டியை எங்கே வைப்பது என்றுகூடத் தெரியாமல் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

பிறகு அவரே தன் கைப்பேசியை எடுத்து ஹைதராபாத் எண்ணைப் போட்டு என்னிடம் நீட்டினார். "நீங்களே சொல்லுங்க" என்றார்.

ஒரு பெண் எடுத்தாள். நான் ஆங்கிலத்தில், "உங்கள் கடிதத்தில் ஒரு வரி எனக்குப் புரியவில்லை. யாரிடமும் கேட்கவும் இல்லை. அதனால் விண்ணப்பம் என்னிடமே தங்கிவிட்டது. தப்பு முழுக்க என்னுடையது, விண்ணப்பித்தவர் நேரத்தோடு கொடுத்துவிட்டார்" என்றேன். சொல்லி முடித்ததும் நெஞ்சிலிருந்து ஒரு கனம் இறங்கியது. இவ்வளவு சுலபமா இது என்று எனக்கே ஆச்சரியம்.

அந்தப் பெண் கொஞ்சம் யோசித்தாள். சாயங்காலம் ஐந்து மணிக்குப் பட்டியல் தேர்வுக் குழுவுக்குப் போகிறது, அதற்குள் நோடல் ஆபீசர் கையெழுத்தோடும் தாமதத்துக்கு என் விளக்கக் கடிதத்தோடும் மின்னஞ்சலில் வந்தால் சேர்த்து வைக்கிறேன், எடுப்பதும் விடுவதும் குழுவின் இஷ்டம் என்றாள். எங்கள் நோடல் ஆபீசர் யார் என்று கேட்டேன். பட்டியலைத் தேடி ஒரு பெயரைப் படித்தாள். நான் அதைச் சத்தமாகத் திருப்பிச் சொன்னேன். நாங்கள் இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்தோம். எங்கள் புலத் தலைவரின், அதாவது டீனின், பெயர் அது. தினமும் எனக்குக் குட் மார்னிங் சொல்கிறவர்.

விளக்கக் கடிதத்தை மேடத்தின் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து எழுதினேன். அழகாகச் சுற்றி வளைத்து எழுதியதை அவர் வாங்கிப் பார்த்து, "புரியல சார்" என்று திருப்பிக் கொடுத்தார். இரண்டே வரியில் மறுபடி எழுதினேன். எனக்குத் தெரியவில்லை, கேட்கவில்லை, அதனால் அனுப்பவில்லை. கீழே கையெழுத்து. டாக்சியை வழியில் என் வீட்டு வாசலில் நிறுத்திக் குங்குமப் பொட்டோடு இருந்த கோப்பை எடுத்துக்கொண்டோம். புலத் தலைவரின் வீடு சால்ட் லேக்கில். போய்ச் சேரும்போது நாலு மணி ஆகிவிட்டது.

அவர் அப்போதுதான் தூங்கி எழுந்திருந்தார். விஷயத்தைச் சொல்ல முடியவில்லை. விஜயா நாளில் வீட்டுக்கு வந்தவர்களைச் சாப்பிடாமல் பேசவிட மாட்டார்கள். அவர் என்னைக் கட்டிப்பிடித்தார். அவர் மனைவி நாரு என்கிற தேங்காய் உருண்டை, மொறுமொறு நிம்கி, ரசகுல்லா என்று தட்டு தட்டாகக் கொண்டுவந்தார். மேடம் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே மூன்று நாருவை விழுங்கினார். நாலு இருபதுக்குத்தான் தாளை நீட்ட முடிந்தது.

அவர் என் கடிதத்தை இரண்டு முறை படித்தார். பிறகு மனைவி உள்ளே போய்விட்டாரா என்று பார்த்துக்கொண்டு, "நோடல் ஆபீசரா? நானா?" என்று பெங்காலியில் மெல்லக் கேட்டார்.

ஆமாம் என்றேன்.

"இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு உத்தரவு வந்தது. அது எதற்கு என்று எனக்கு விளங்கவே இல்லை. கேட்டால் நன்றாக இருக்காது என்று விட்டுவிட்டேன்" என்றார். முகம் சிவந்துபோயிற்று. பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டார். நாலே முக்காலுக்கு எல்லாவற்றையும் படம் எடுத்து அனுப்பினோம். வந்து சேர்ந்தது என்று அந்தப் பெண் பதில் அனுப்பியபோது மணி நாலு ஐம்பத்திரண்டு. மேடம் சோபாவில் சாய்ந்து இன்னொரு நாரு எடுத்துக்கொண்டார்.

அதற்குப் பிறகு ஒரு மாதம் அவர் என்னோடு வேலைக்கு வேண்டியதைத் தவிர ஒன்றும் பேசவில்லை. நியாயம்தான். ஒவ்வொரு நாளும் முதல் வேலையாக நான் மின்னஞ்சலைத் திறந்து பார்ப்பேன். காளி பூஜை கழிந்து ஒரு திங்கட்கிழமை பட்டியல் வந்தது. அதில் அவர் பெயர் இருந்தது. நான் நாற்காலியிலிருந்து எழுந்து, "மேடம், வந்துடுச்சு!" என்று கத்தியதில் வராந்தாவில் போன மாணவர்கள் எட்டிப் பார்த்தார்கள். அப்பாடா என்று எனக்கு வந்த நிம்மதி, எனக்கே பதவி உயர்வு வந்தபோதுகூட வந்ததில்லை.

ஜனவரியில் அவர் கிளம்பினார். பெட்டி நிறையப் புத்தகம், அதனால் ரயிலில் போனார். கணவருக்கு வங்கியில் ஆடிட் என்பதால் ஹவுராவில் ஏற்றிவிட நான் போனேன். பெட்டியை இருக்கைக்குக் கீழே தள்ளிவிட்டு இறங்கி ஜன்னலோரம் வந்து நின்றேன்.

"சார், ஒண்ணு சொல்லணும்" என்றார். "அஷ்டமி அன்னைக்கு நீங்க தலையாட்டும்போதே தெரியும், நீங்க அனுப்பலன்னு."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. "எப்படி?"

"முகத்துல எழுதியிருந்துச்சு. நெசமா இருந்தா வாயால சொல்லியிருப்பீய."

"அப்போ திருப்பிக் கேட்டிருக்கலாமே மேடம்? நீங்க கேக்காததா?"

அவர் கண்ணாடியைச் சேலைத் தலைப்பில் துடைத்தார். "பயந்துட்டேன் சார். அனுப்பலன்னு சொல்லிட்டீயள்னா அதுக்கப்புறம் என்ன செய்யன்னு தெரியல. கேக்காம இருந்தா அனுப்பியிருப்பாருன்னு நெனச்சுக்கிட்டு இருக்கலாம்லா. நாலு நாளா வீட்ட விட்டு வெளிய வரல. அன்னைக்கு உங்கள ஏசுனேன்லா, அதுல பாதி என்னைய ஏசுனது."

இத்தனை வருஷமாக இந்தப் பெண்மணிக்குப் பயமே கிடையாது என்று நினைத்து நினைத்து நான் எரிச்சல் பட்டிருக்கிறேன். அன்றுதான் அவர்மேல் எனக்கு நிஜமான பிரியம் வந்தது. நாலு மாதமாக நெஞ்சில் கிடந்த மிச்சக் கனமும் போய்விட்டது.

வண்டி நகர ஆரம்பித்தது. கூடவே நடந்தபடி, "அங்க போய் ஏதாவது கேக்கப் பயமா இருந்தா போன் பண்ணுங்க மேடம்" என்றேன்.

"யாருக்கு, உங்களுக்கா?" என்றார்.

சொல்லிவிட்டுச் சிரித்தார். பெட்டியில் இருந்தவர்களெல்லாம் திரும்பிப் பார்க்கும்படி, கண்ணில் தண்ணீர் வரும்படி ஒரு சிரிப்பு. எனக்கும் அடக்க முடியவில்லை. வண்டி போன பிறகும் நடைமேடையில் தனியாக நின்று சிரித்துக்கொண்டிருந்தேன். தலையில் மூட்டையோடு போன ஒரு கூலிக்காரர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுச் சுற்றிக்கொண்டு போனார்.